250 டாலர் சம்பளத்தில் தொடங்கிய 1098 வெற்றிகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர்களை வரிசைப்படுத்தினால் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பேட் சம்மிட் பெயர் இப்போது முதலில் வராது. 1098 வெற்றி, 208 தோல்வி என்ற கணக்கோடு அவர் 2012இல் விலகியபோது, ஆண்கள் அணி, பெண்கள் அணி என்று எதை எடுத்தாலும் முதல் பிரிவுக் கல்லூரிகளில் அதுதான் உச்சம். அப்புறம் டியூக் பல்கலைக்கழக ஆண்கள் அணியின் மைக் ஷெஷெஃப்ஸ்கி 1202 வரை போனார். ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டர்வீர் 1216இல் ஓய்வு பெற்றார். கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மா 2024 நவம்பரில் அவரையும் தாண்டிவிட்டார். இத்தனைக்கும் பிறகு, பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி அமெரிக்காவில் யார் பேசினாலும் ஐந்து நிமிடத்துக்குள் சம்மிட்டின் பெயர் வந்துவிடுகிறது.

அதற்கு வெற்றி எண்ணிக்கையோ, அவருடைய அணி வென்ற எட்டு தேசியப் பட்டங்களோ மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1974இல் அவர் டென்னசி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்பது வயிற்றைக் கழுவக்கூடிய ஒரு தொழிலாகவே இல்லை. மாணவிகளின் உடற்கல்வித் துறையில் யாராவது ஒருவர் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் கூடுதல் பொறுப்பு அது. அவர் விலகும்போது அதே பதவிக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஆண்டுச் சம்பளம், நாடு முழுவதும் தொலைக்காட்சி ஒளிபரப்பு, 20,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கு எல்லாம் வந்திருந்தன. சட்டமும் தொலைக்காட்சிப் பணமும் இதில் பெரும்பங்கு வகித்தன. ஆனாலும் ஒரே ஆளின் பணிக்காலத்துக்குள், அவர் கண்ணெதிரே, பல இடங்களில் அவர் கைபட்டே இது நடந்திருக்கிறது. அவருடைய கதையை அந்த வழியாகப் படித்தால்தான் விளங்கும்.

பட்ரிஷியா சூ ஹெட் என்ற இயற்பெயர் கொண்ட சம்மிட் 1952இல் டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் ஊரில் பிறந்தார். அப்பாவுக்குப் பால்மாடுகளும் புகையிலை வயலும் இருந்தன. ஐந்து பிள்ளைகளில் பேட் நான்காவது. மேலே மூன்று அண்ணன்கள். பகல் முழுக்க வயல் வேலை, இரவானால் வைக்கோல் அடுக்கும் பரணில் வளையம் மாட்டி அண்ணன்களோடு ஆட்டம். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது ஒரு சிக்கல்: அந்த ஊர்ப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி கிடையாது. அதற்காக அப்பா ரிச்சர்ட் ஹெட் குடும்பத்தையே பக்கத்து மாவட்டத்தில் இருந்த ஹென்ரியெட்டாவுக்கு மாற்றினார். பிள்ளைகளைப் பாராட்டிப் பழக்கமில்லாத, கறாரான மனிதர். மகளின் ஆட்டத்துக்காக வீடு மாறியவரும் அவர்தான்.

அந்தக் காலத்தில் டென்னசிப் பள்ளிகளில் பெண்கள் ஆடிய ஆட்டம் நாம் அறிந்த கூடைப்பந்து இல்லை. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று கூடைபோட மட்டும் வேண்டும், மற்ற மூன்று பேர் மறு பாதியில் நின்று தடுக்க மட்டும் வேண்டும். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் கட்டுப்பாடு. முழு மைதானமும் ஓடினால் பெண்களின் உடம்பு தாங்காது என்ற பழைய நம்பிக்கைதான் இதற்கு வேர். 1970களின் தொடக்கத்தில் கல்லூரிகள் ஐந்து பேர் முழு மைதானத்தில் ஆடும் முறைக்கு மாறிய பின்னும் சில மாநிலப் பள்ளிகள் இதை விடவில்லை. பள்ளியில் ஆறு ஆண்டு தடுப்பாட்டம் மட்டும் ஆடிய பெண்ணுக்குக் கூடைபோடத் தெரியாது. அவளை எந்தக் கல்லூரி உதவித்தொகை கொடுத்துச் சேர்க்கும்?

பேட் பள்ளியில் இந்த ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர். பயிற்சியாளரான பிறகு இதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசினார். சொந்த மாநிலத்துப் பெண்களை இனி அணிக்கு எடுக்கப்போவதில்லை என்று சொல்லும் அளவுக்குப் போனார். மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் இப்படிச் சொன்னால் பள்ளிகளுக்குச் சுருக்கென்று தைக்கத்தானே செய்யும். 1979இல் டென்னசி ஐவர் ஆட்டத்துக்கு மாறியது. ஐயோவா 1993 வரையும் ஓக்லஹோமா 1995 வரையும் அறுவர் ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போயின என்பதை நினைத்தால் டென்னசி எவ்வளவு முன்னால் விழித்துக்கொண்டது என்று புரியும்.

கல்லூரிப் படிப்பை அவர் டென்னசி பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் வளாகத்தில் முடித்தார். அண்ணன்கள் விளையாட்டு உதவித்தொகையில் படித்தார்கள். பேட்டுக்கு அப்பா அம்மாதான் கட்டணம் கட்டினார்கள், ஏனென்றால் பெண்களுக்கு அப்படி ஓர் உதவித்தொகையே அங்கே இல்லை. இறுதியாண்டில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த நாளில் அது ஆட்டக்காரருக்கு முற்றுப்புள்ளி மாதிரி. அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

1974இல் நாக்ஸ்வில் நகரிலுள்ள முதன்மை வளாகத்தில் மேற்படிப்போடு உதவிப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. சேரும் முன்பே தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் போய்விட, அந்தப் பொறுப்பு 22 வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. அணியில் சிலர் அவரைவிட ஒரே வயது இளையவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். அணியை வண்டியில் ஏற்றி ஓட்டிப் போவது அவர்தான், ஆட்டச் சீருடையைத் துவைப்பதும் அவர்தான். சீருடை வாங்க டோனட் விற்றுக் காசு சேர்த்தார்கள். வெளியூர் போனால் எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்தில் தூங்குபையை விரித்துப் படுத்த நாட்களும் உண்டு. 1974 டிசம்பர் 7 அன்று முதல் ஆட்டம், மெர்சர் பல்கலைக்கழகத்தோடு. 84-83 என்று ஒரே புள்ளியில் தோல்வி. அந்தப் பருவம் 16 வெற்றி, 8 தோல்வியோடு முடிந்தது. இதே காலத்தில் அவர் பாடம் படித்தார், உடற்கல்வி வகுப்பு எடுத்தார், முழங்காலையும் தேற்றினார். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதல்முறையாகச் சேர்க்கப்பட்டபோது அமெரிக்க அணியின் இணைத் தலைவராக இறங்கி வெள்ளி வென்றார். எட்டு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சலஸில் அதே நாட்டு அணிக்குப் பயிற்சியாளராக நின்று தங்கம் பெற்றுத் தந்தார்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அரசு நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1972 ஜூனில் அமெரிக்கா கொண்டுவந்த விதிதான் டைட்டில் நைன். ஒரே வாக்கியம். விளையாட்டு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. விளையாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்ற விதிமுறைகள் 1975இல் வந்தன. நடைமுறைப்படுத்தக் கல்லூரிகளுக்கு 1978 வரை அவகாசம் கிடைத்தது. சம்மிட் பணியைத் தொடங்கிய ஆண்டுகள் இந்த இடைவெளியில்தான் வருகின்றன: உரிமை சட்டத்தில் இருக்கிறது, பணப்பெட்டி இன்னும் திறக்கவில்லை.

பெண்கள் கல்லூரி விளையாட்டை அப்போது நடத்தியது பெண் கல்வியாளர்களே கட்டிய ஏஐஏடபிள்யூ என்ற அமைப்பு. ஆண்கள் விளையாட்டைக் கையில் வைத்திருந்த என்சிஏஏ, டைட்டில் நைனை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது. எதிர்ப்பு பலிக்காது என்று தெரிந்ததும் பாதையை மாற்றி 1982இல் பெண்களுக்கும் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கியது. அதன் பணத்துக்கும் ஒளிபரப்புக்கும் முன்னால் ஏஐஏடபிள்யூவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அது மூடப்பட்டது. பெண்கள் ஆட்டத்துக்குப் பெரிய மேடை கிடைத்தது, ஆனால் அந்த மேடையின் சாவி ஆண்களிடம் போனது. டென்னசி மட்டும் 2012 வரை பெண்கள் விளையாட்டுக்குத் தனித் துறை, தனி இயக்குநர் என்று வைத்திருந்தது. நாட்டிலேயே அப்படி நீடித்த இடங்கள் மிகக் குறைவு. சம்மிட்டின் தேவைகளைக் கேட்டு முடிவெடுக்கப் பக்கத்திலேயே பெண்கள் இருந்தார்கள் என்பது அவருடைய வெற்றிக்கு ஒரு பெரிய காரணம். அவரைப் புகழும் கட்டுரைகளில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

இவ்வளவு இருந்தும் முதல் பட்டத்துக்கு 13 பருவங்கள் ஆயின. 1982இல் அரையிறுதியில் தோல்வி, 1984 இறுதியில் தெற்கு கலிஃபோர்னியாவிடம் தோல்வி. முக்கியமான ஆட்டம் என்றால் இவர் அணிக்குக் கைநடுங்கும் என்று ஒரு பேச்சுகூட ஓடியது. 1987இல் லூசியானா டெக் அணியை 67-44 என்று அடித்து அந்தப் பேச்சுக்கு முடிவு கட்டினார். 1989, 1991 பட்டங்கள் தொடர்ந்தன.

அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டம் கண்ணுக்கு அழகானது என்று சொல்ல முடியாது. தடுப்பாட்டம், அதற்கு மேல் ரீபவுண்ட், அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எதிரிக்கு முன் பிடிப்பது. திறமை வேண்டாத, பிடிவாதம் மட்டும் வேண்டிய வேலை என்பதால் அதில் சாக்குச் சொல்ல இடமில்லை என்று அவர் நினைத்தார். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும், காரணமின்றி வகுப்பைத் தவறவிட்டால் ஆட்டத்தில் இடமில்லை. பயிற்சியில் ஆண் மாணவர்களை எதிரே நிறுத்தி ஆடவிடுவார். தவறு செய்தவரை ஒரு சொல்லும் பேசாமல் அவர் முறைக்கும் பார்வை அமெரிக்கா முழுவதும் பிரபலம். 2009இல் அணி வரலாற்றிலேயே முதன்முறையாகத் தேசியப் போட்டியின் முதல் சுற்றில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. பருவமே முடிந்துவிட்டது, ஆடுவதற்கு ஆட்டம் இல்லை. ஊர் திரும்பியதும் பயிற்சி வைத்தார். இன்றைய கண்ணால் பார்த்தால் இதில் சிலது அதிகப்படி. இந்தக் கண்டிப்பு எல்லாருக்கும் ஒத்துவரவில்லை என்பதும் உண்மை, பாதியில் வேறு கல்லூரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முழுக் காலமும் அங்கே ஆடி முடித்த ஒவ்வொருவரும் பட்டம் வாங்கினார்கள், ஒருவர்கூட விடுபடவில்லை. கல்லூரி விளையாட்டு உலகில் இது எவ்வளவு அபூர்வம் என்பதை அங்குள்ள ஆண்கள் அணிகளின் கணக்கைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அவருடைய வேகத்தைச் சொல்ல ஒரு கதை போதும். அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளரின் வேலையில் பாதி, நல்ல பள்ளி ஆட்டக்காரர்களின் வீட்டுக்கே போய் எங்கள் கல்லூரிக்கு வாருங்கள் என்று அழைப்பதுதான். 1990 செப்டம்பரில் நிறைமாத கர்ப்பிணியான சம்மிட், மிஷெல் மார்ச்சினியாக் என்ற பெண்ணைப் பார்க்க பென்சில்வேனியாவுக்குச் சிறு விமானத்தில் போனார். அங்கேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பேச வந்ததைப் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். வலி கூடியதால் வழியில் வர்ஜீனியாவில் இறக்கிவிடட்டுமா என்று விமானி கேட்க, முடியவே முடியாது என்றுவிட்டார். அந்த ஆண்டு மார்ச்சில்தான் வர்ஜீனியா அணி அவர்களைத் தோற்கடித்து, நாக்ஸ்வில்லிலேயே நடக்கவிருந்த இறுதிச் சுற்றுக்குள் நுழையவிடாமல் செய்திருந்தது. மகன் டைலர் டென்னசியில்தான் பிறந்தான். அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் 70-67 என்று வென்று கணக்கைத் தீர்த்தார்கள். மார்ச்சினியாக் முதலில் நோட்ர டாம் பல்கலைக்கழகத்துக்குப் போய், பிறகு மனம் மாறி டென்னசிக்கு வந்தார். 1996இல் பட்டம் வென்ற அணியில் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

1996, 1997, 1998 என்று மூன்று ஆண்டு தொடர்ச்சியாகப் பட்டம். மூன்றிலும் நடுநாயகம் நியூயார்க்கிலிருந்து வந்த ஷமீக் ஹோல்ட்ஸ்க்ளா. இதில் 1997 அணிதான் எனக்கு சுவாரசியமானது, ஏனென்றால் அது பத்து ஆட்டம் தோற்ற அணி. 1998 அணியோ 39 ஆட்டத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. அந்த ஆண்டு டமீக்கா கேட்சிங்ஸ், செமீக்கா ராண்டல் போன்ற புதியவர்கள் வந்து சேர்ந்தபோது, இருபது ஆண்டுக்கு மேல் கட்டுப்பாடான ஆட்டத்தை நம்பிய சம்மிட், கடிவாளத்தைத் தளர்த்தி முழு மைதானத்திலும் துரத்தி நெருக்கும் வேக ஆட்டத்துக்கு மாறினார். கேட்சிங்ஸுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்பதில் குறை. சின்ன வயதில் கேலிக்குப் பயந்து கேட்கும் கருவியைத் தூக்கிப்போட்டிருந்தார். அதை மறுபடி அணியச் சொல்லிச் சம்மதிக்க வைத்தவர் சம்மிட்.

ஆட்டத்தை வளர்த்த இன்னொரு முடிவும் 1990களில்தான். 1995 ஜனவரியில் டென்னசியும் கனெக்டிகட்டும் மோதும் ஆட்டத்தைத் தொலைக்காட்சி கேட்டது. பருவத்தின் நடுவில், எதிரியின் ஊரில், தோற்கும் வாய்ப்பு அதிகமுள்ள ஆட்டம். சம்மிட் ஒப்புக்கொண்டார், 77-66 என்று தோற்கவும் செய்தார். அந்த ஆண்டு இறுதியிலும் கனெக்டிகட்டே வென்றது. ஆனால் பெண்கள் ஆட்டத்துக்கு அதுவரை இல்லாத ஒன்று கிடைத்தது: ஆண்டுதோறும் நாடே காத்திருந்து பார்க்கும் ஒரு பகை. வாய்த்துடுக்கான ஆரியெம்மாவும் சிரிக்காத சம்மிட்டும் எதிரெதிரே நின்றது தொலைக்காட்சிக்கு வசதியாகப் போயிற்று. 22 ஆட்டங்களில் 13 கனெக்டிகட்டுக்கு, 9 டென்னசிக்கு. 2007இல், ஆட்டக்காரர் சேர்ப்பு தொடர்பான மனக்கசப்புக்கு இடையே, சம்மிட் இந்தத் தொடரை நிறுத்தினார். முழுக் காரணத்தை அவர் வெளியே சொல்லவே இல்லை. ஆட்டத்தின் நன்மை என்று பார்த்தால் அது தவறான முடிவு என்பேன்.

பணக் கதையும் இதே காலத்தில்தான் திரும்புகிறது. 2006இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் பெறும் முதல் பெண்கள் அணிப் பயிற்சியாளர் ஆனார் சம்மிட். ஆனால் அந்த வேலைக்குச் சம்பளமும் மரியாதையும் கூடக்கூட அதில் பெண்களின் பங்கு குறைந்தது. டைட்டில் நைன் வந்த 1972இல் பெண்கள் கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்கள். 2010களில் எல்லா விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 43. காசில்லாத வேலையாக இருந்தவரை பெண்களிடம் விட்டுவைத்தவர்கள், நல்ல வேலையானதும் போட்டிக்கு வந்தார்கள். ஆண்கள் துறையும் பெண்கள் துறையும் இணைக்கப்பட்டபோது ஆள் எடுக்கும் நாற்காலியில் பெரும்பாலும் ஆண்களே உட்கார்ந்தார்கள். எதிர்த்திசையில் போக்குவரத்து அனேகமாக இல்லை. டென்னசியின் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராகும்படி சம்மிட்டையே இருமுறை அணுகினார்கள். இரண்டு முறையும் மறுத்தார். ஆண்கள் அணிக்குப் போவதை ஏன் பதவி உயர்வாக நினைக்க வேண்டும் என்பது அவர் பக்கத்துக் கேள்வி.

2005இல் 880வது வெற்றியோடு ஆண்கள் அணிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் சாதனையைத் தாண்டினார். கேண்டஸ் பார்க்கர் அணியில் ஆடிய காலத்தில் 2007, 2008 பட்டங்கள். 2009 பிப்ரவரியில் ஆயிரமாவது வெற்றி. நடுவே வீட்டு முற்றத்துக்கு வந்த ரக்கூன் ஒன்றை விரட்டப் போய்த் தோள்பட்டையை இடம்பெயர்த்துக்கொண்டார். முறைப்பு அதனிடம் பலிக்கவில்லை போலும்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு இளவயது அல்சைமர் நோய் என்பதை வெளியே அறிவித்தார். மறதியை முதலில் மூட்டுவாத மருந்தின் பக்கவிளைவு என்றே நினைத்திருக்கிறார். அறிவித்த பிறகும் ஒரு பருவம் முழுக்க அணியோடு இருந்தார். ஆட்ட நேரத்து முடிவுகளைப் பெரும்பாலும் உதவியாளர்கள், குறிப்பாக ஹாலி வார்லிக், எடுத்தார்கள். நோயைச் சொன்னால் புதிய ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள் என்று தெரிந்தே சொன்னார். அந்தத் துறையில் அது சாதாரண முடிவு இல்லை. நோய்க்காக அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தவர்களில் ஆரியெம்மாவும் ஒருவர். 2012 மார்ச்சில் அணியின் கடைசி ஆட்டம் பெய்லரிடம் தோல்வியில் முடிந்தது. பெய்லரின் பயிற்சியாளர் கிம் மல்கி 1984 ஒலிம்பிக் அணியில் சம்மிட்டிடம் ஆடியவர். அந்த ஆண்டு ஏப்ரலில் பதவி விலகிய சம்மிட், 2016 ஜூன் 28 அன்று 64 வயதில் இறந்தார்.

அவர் போன பிறகு டென்னசி என்ன ஆயிற்று என்பதில் கொஞ்சம் முரண் இருக்கிறது. 2008க்குப் பிறகு அந்த அணி ஒருமுறைகூட இறுதி நான்குக்குள் வரவில்லை. வார்லிக், பிறகு 1990களின் பட்டம் வென்ற அணியில் ஆடிய கெல்லி ஹார்ப்பர் என்று சம்மிட்டிடம் பயின்றவர்களே பொறுப்பில் இருந்தும் நடக்கவில்லை. அவர்கள் திறமைக் குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் களமே மாறிவிட்டது. சம்மிட் வெல்லத் தொடங்கியபோது பெண்கள் அணிக்கு உண்மையாகச் செலவழித்த பல்கலைக்கழகங்களை விரல்விட்டு எண்ணலாம். நல்ல ஆட்டக்காரர்கள் அந்தச் சில இடங்களுக்கே போனார்கள். இன்று பெரிய பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலர் பயிற்சியாளரைத் தேடுகிறது. 1991 இறுதியில் டென்னசியிடம் தோற்ற வர்ஜீனியா ஆட்டக்காரர் டான் ஸ்டேலி, டென்னசி ஆடும் அதே தென்கிழக்கு மாநாட்டில், அதாவது தமக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழகங்களின் குழுவில், தெற்கு கரோலினா அணிக்கு மூன்று பட்டம் வாங்கித் தந்துவிட்டார். மல்கி இப்போது அதே மாநாட்டில் லூசியானா ஸ்டேட் பயிற்சியாளர், அவரும் 2023இல் பட்டம் வென்றார். டென்னசி 2024இல் சம்மிட்டின் அணியோடு எந்தத் தொடர்பும் இல்லாத கிம் கால்ட்வெல்லை வெளியிலிருந்து கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அவருக்குக் குழந்தை பிறந்தது. ஒரே ஓர் ஆட்டம் விடுப்பு, ஒரு வாரத்தில் திரும்பினார். பிப்ரவரியில் கனெக்டிகட்டை 80-76 என்று தோற்கடித்தார். 2007க்குப் பிறகு அவர்களுக்கு எதிராக டென்னசி பெற்ற முதல் வெற்றி அது.